கலங்களுக்கு நான் போட்ட சாப்பாடு

கொன்ட்ரோலிலும் கறுப்புக் கோடு! பிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்த எங்கள் லாப் தலைவர், டொக்டர், முகத்தைச் சுளித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கந்தசஷ்டி விரதத்தின் நான்காம் நாள், எனக்கு வெறுவயிறு.

டொரொன்டோவில் எனது முதல் லாப் வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புதிய இரசாயனச் சேர்வைகளை, தட்டுகளில் வளரும் உயிர்க்கலங்களுக்கு, அதாவது செல்களுக்கு, விட்டுப் பார்ப்போம். சேர்வை கலத்தின் வெளிக்கதவில் போய்த் தட்டும். அந்தச் செய்தி உள்ளே ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி, கடைசியில் கைனேஸ் என்ற புரதத்தை எழுப்பும். அது எழும்பினால் பிலிமில் கோடு விழும். சேர்வை விடாத கலம்தான் கொன்ட்ரோல். அதில் கோடு விழக்கூடாது.

"சேர்வைகள் ஒண்டோடொண்டு கலந்து கொன்ட்ரோலுக்குள்ளயும் போட்டுது போல. இந்தச் சேர்வை பட்ச் முழுக்க எறிய வேண்டியதுதான்" என்றார் டொக்டர்.

அந்த பட்ச்சை நாலு மாதம் மினக்கெட்டுச் செய்தவர் நவாஸ். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கெமிஸ்ற். மனிதரின் முகம் செத்துப்போனது. எனது புரொபேஷன் முடிய இன்னும் ஒரு கிழமைதான். வாயைத் திறந்தால் வேலை போகும், மூடினால் நவாஸின் உழைப்புப் போகும். கடைசியில் சொன்னேன்:

"டொக்டர், முந்தநாள் விடிய நான்தான் கலங்களுக்குச் சீரம் விட்டனான்."

சீரம்தான் கலங்களின் சாப்பாடு; பரிசோதனைக்கு முதல்நாள் பின்னேரம் அதை எடுத்துவிட்டு, கலங்களைப் பட்டினி போடவேண்டும். அதைச் சிக்கனம் என்று நினைத்துவிட்டேன். விடிய டோர்செட் பார்க்கிலிருந்து வெறுவயிற்றோடு பஸ்ஸில் வந்து கலங்கள் இருக்கும் இன்கியுபேற்றரைத் திறந்தால், பாவமாக இருந்தது. நான் பட்டினி கிடப்பது முருகனுக்கு, உதுகள் யாருக்குக் கிடக்குதுகள்? எல்லாத் தட்டுக்கும் கொஞ்சம் ஊற்றினேன். சீரத்திலுள்ள வளர்ச்சிக் காரணிகளும் அதே கதவைத் தட்டி அதே கைனேஸை எழுப்பும் என்று எனக்குத் தெரியாது.

நவாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் நோன்பு பிடிக்கேக்கையும் பாவம் பாத்து பிளேன்ரீ ஊத்துவீரோ?"

டொக்டர் சிரிக்கவில்லை. "ஊத்தினதை நோட்டிலை எழுதினனீரோ?"

"இல்லை."

"எழுதும். பிறகு திருப்பிச் செய்யும்."

அன்று பின்னேரம் சீரத்தை எடுத்துவிட்டு, இன்கியுபேற்றரைத் திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போனேன். விரதத்தின் ஆறாம் நாள், சூரன்போர் அன்று, பிலிம் வந்தது. கொன்ட்ரோல் வெறுமை. நவாஸின் மூன்று சேர்வைகளுக்கும் கன்னங்கரேல் என்ற கோடுகள். சந்தோசத்தில் விரதக் களைப்பே பறந்துவிட்டது.

அடுத்த கிழமை வேலை நிரந்தரம் என்ற கடிதத்தோடு, திருத்திய செய்முறைத் தாளையும் டொக்டர் தந்தார். இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நல்ல மனதோடு செய்ததையும் நோட்டில் எழுதுங்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்தத் தாளின் ஐந்தாவது வரியை யாரும் மாற்றவில்லை:

"பாவம் பார்த்தும் சாப்பாடு போடக்கூடாது."