நான்கு மணிக்கு இறங்கிய பாதரசம்

அன்று பிற்பகல் மணி நான்கு. ரங்கூன் ஆற்றங்கரையில் நான் குமாஸ்தாவாக இருந்த கப்பல் அலுவலகத்தில், காற்றழுத்தத்தைக் காட்டும் பாரமானியின் பாதரசம் இறங்கியிருந்தது. அக்கரையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குச் சம்பான் படகில் புறப்பட்ட என் மகள் பாக்கியம், என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள்.

"மேகம் கறுக்குதேப்பா. சம்பான்ல போகலாமா?"

"தினமும் நாலு மணிக்கு இது இறங்கும், ராத்திரி ஏறிடும். இருபது வருஷமா பாக்குறேன். பயப்படாம போம்மா."

அவள் போனபின் அளவைப் பதிவேட்டில் எழுத உட்கார்ந்தேன். மேல் வரியில் முந்தின நாள் நான்கு மணி அளவு இருந்தது. இன்றைய அளவு அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. இது அன்றாட இறக்கம் அல்ல, சித்திரை மாதத்துப் புயல்.

படித்துறைக்கு ஓடுவதற்குள் காற்று அடித்துவிட்டது. கவிழ்ந்த சம்பான் ஒன்று என் கண்ணெதிரே மிதந்து போனது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாதரசம் இறங்கியதைப் பார்த்தேனே தவிர, எவ்வளவு இறங்கியது என்று பார்க்கவில்லை. பெற்ற பெண்ணை நானே ஆற்றுக்கு அனுப்பிவிட்டேன் என்று நினைத்தபடி மழையில் நின்றேன்.

காற்று அடங்கி இருட்டும் நேரம், கரையோரக் குடிசைகள் பக்கமிருந்து ஒரு சிட்டகாங் படகுக்காரர் வந்தார். அவர் பின்னால், அவருடைய கோணியைப் போர்த்திக்கொண்டு பாக்கியம்.

"இவர் படகை அவிழ்க்கவே மாட்டேன்னுட்டாருப்பா," என்று அழுதாள். "எங்கப்பா கருவியைப் பாத்தே சொல்லிட்டார், நீங்கதான் பயந்தாங்கொள்ளின்னு இவரைத் திட்டிட்டேன்."