தங்கை எடுத்த உறுதிமொழி

தங்கை வெள்ளைக் கோட்டுடன் மேடையில் நின்று, வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்த அன்று, அப்பா தன் கைகளை மடிமீது துண்டுக்கடியில் மறைத்து வைத்திருந்தார். ஆம்பூர் டேனரியில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியே கதியென்று கிடந்து வெந்துபோன கைகள். நாலு பேர் முன்னால் காட்ட அவருக்குக் கூச்சம். மேடையில் எல்லாம் இங்கிலீஷ். "இன்னாடா சொல்றாங்க?" என்று அவர் கேட்கக் கேட்க, நான் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்ற இடம் வந்ததும், "யார்கிட்டயுமா?" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது தங்கையிடமும் அதையே கேட்டார். இது நேற்று வந்த சட்டமில்லை, ஏட்டுச்சுவடிக் காலத்து வைத்திய நூல்களிலேயே உண்டு, நோயாளி வீட்டில் கண்டதும் கேட்டதும் வைத்தியனோடு நின்றுவிட வேண்டும் என்று அவள் பெரிதாக விளக்கம் கொடுத்தாள். "நல்ல விஷயந்தான்" என்றார் அப்பா.

என் கல்யாணம் முடிவாகியிருந்த சமயம், வேலூரில் தங்கை வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அப்பா எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறார். மகள்தானே என்று நேராக உள்ளே நுழையவில்லை. வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "நான் இப்ப உங்கப்பன் இல்ல, பேஷண்ட்டு. சத்தியம் பண்ணிக்கீற, ஞாபகம் வெச்சிக்கோ." வயிற்றில் புற்றுநோய், முற்றிப்போயிருந்தது. வீட்டில் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்பது அவர் பயம். அம்மாவிடமாவது சொல்லலாம் என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். மனிதர் மசியவில்லை. இதெல்லாம் கடைசியில் அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் இலை இலையாகப் போய் எல்லோரையும் சாப்பிடச் சொல்லி உபசரித்தவர், தான் மட்டும் உட்காரவே இல்லை.

கல்யாணம் முடிந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நோயின் பெயரே அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால், "டாக்டருக்குப் படிச்சியே, பெத்த அப்பன் உடம்பு உனக்குத் தெரியலையா?" என்று அம்மா கேட்டபோது தங்கை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். செத்தவர் ரகசியமும் ரகசியம்தான் என்பது அவள் கட்சி. எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, அவளைப் பார்த்து அழுகையும் வந்தது. அம்மா அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

சத்தியம் செய்தவள் அவள்தானே, நான் இல்லையே. போன மாதம் அம்மாவை உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். தங்கையைத் திட்டுவாள், இல்லையென்றால் உடனே அவளைக் கூப்பிட்டுப் பேசுவாள் என்று நினைத்தேன். அம்மா இரண்டும் செய்யவில்லை.

"அப்பவே அவரால சாப்பிட முடியலையாடா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"தட்டுல மீதி வெச்சிட்டு எழுந்திருப்பாரு. என் சமையல் புடிக்கலன்னா வேற எவளாச்சும் ஆக்கிப்போடட்டும்னு தினம் சண்டை போட்டேன்டா. ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டாரு. மறுபடியும் உக்காந்து, இன்னும் ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போவாரு."