படியெடுத்த பாட்டும் பரிசு பெற்ற பேச்சும்

எங்கள் கல்லூரிப் பேச்சு மன்றத்தில் யாருக்கு எந்தக் கட்சி என்பதைச் சீட்டுதான் தீர்மானிக்கும். பேச்சாளனுக்குச் சொந்தக் கருத்து இருக்கலாம். மேடைக்கு அது தேவையில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாலை, ‘கேசட்டைப் படியெடுத்துப் பகிர்வது திருட்டே’ என்ற தலைப்பில், ஆம் என்று வாதிடும் கட்சி எனக்கு விழுந்தது. பாளையங்கோட்டை விடுதியில் நாங்கள் அனைவரும் அந்தத் திருட்டில்தான் வாழ்ந்துகொண்டிருந்தோம். ஒருவன் கேசட் வாங்குவான். பக்கத்து அறைப் பொருளியல் மாணவனின் இரட்டை டெக்கில் அது பல கேசட்டுகளாகப் பெருகி, மாடி முழுவதும் பாடும்.

எதிர்க்கட்சியில் அந்த இரட்டை டெக்குக்காரனே நின்றான். அவனுக்கு விழுந்த சீட்டும் அவன் நம்பிக்கையும் ஒன்றாக இருந்தன.

“பாட்டு தாமிரபரணித் தண்ணி மாதிரி. மேல உள்ளவன் குளிச்சா கீழ உள்ளவனுக்குக் குறைஞ்சா போவுது?” என்று மேடைத் தமிழை உதறிவிட்டுக் கேட்டான். அரங்கம் அதிர்ந்தது.

நான் எழுந்தேன். “ஆறு கூலி கேட்பதில்லை; வயலின் வாசித்தவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா?”

பரிசு எனக்கு.

மறுநாள் வழக்கம்போல் அவனிடம் புதுப் பாட்டு கேட்கப் போனேன். அவன் கேசட்டை மார்போடு அணைத்துக்கொண்டான்.

“என்னவே, திருட்டுச் சாமானையா கேக்கீரு? பரிசு வாங்குன கை, அழுக்காயிரும்!”

அறையே சிரித்தது. சீட்டில் விழுந்த கட்சிதானே என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சொன்னால் வாங்கிய கைதட்டலும் சீட்டுக்கே போய்விடுமே! மேலும், பேசப் பேச அந்தக் கட்சி எனக்குள்ளும் கொஞ்சம் இறங்கிவிட்டிருந்தது. எவ்வளவு என்பதுதான் பிடிபடவில்லை.

அதன் பிறகு எவனும் எனக்குக் கேசட் தரவில்லை. சுவர் வழியே தாளம் மட்டும் வரும். பேச்சுப் பயிற்சிக்காக என்னிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அதில் போட்டுக் கேட்க என் குரலைத் தவிர வேறொன்றும் இல்லை. படிக்க உட்கார்ந்தால் கால் ஆடியது. சாப்பாட்டு மேசையில் அவர்கள் பாட்டைப் பற்றிப் பேசினால், நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொறுக்கமாட்டாமல் ஒரு சனிக்கிழமை டவுண் பஸ் ஏறினேன். விடுதியில் யாரிடமும் இல்லாத புதுக் கேசட்டை ரத வீதியில் வாங்கிவந்து, கதவைத் திறந்து வைத்து ஓடவிட்டேன். முதலில் வந்தவன் அவன்தான்; பின்னாலேயே மாடியே திரண்டது.

“லே, ஒரு நா குடுலே, பதிஞ்சிட்டுத் தாரேன்.”

“பதியத் தர மாட்டேன். இங்கன உக்காந்து கேளுங்க.”

“ஓசியில கேட்டா திருட்டு இல்லையாக்கும்? வயலின்காரருக்கு உலை கொதிச்சிருமோ?”

நான் ஒலியைக் கூட்டினேன். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவன் மட்டும் போய், குளிக்கும் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு திரும்பி, என் டேப் ரெக்கார்டரை ஒட்டி அமர்ந்தான். முதல் பாட்டிலேயே துண்டு விலகியது. உள்ளே ஒரு சின்ன டேப் ரெக்கார்டர். பதிவுக்கான சிவப்புப் பொத்தான் அமுங்கியிருந்தது. நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

நாக்கு நுனியில் சொற்கள் அடுக்கி நின்றன. வாயைத் திறந்தால் பாட்டின் மேல் என் குரல் பதியும். எவனோ இருமினான், அவன் முறைத்தான். சாலையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அவன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கம் முடிந்து பொத்தான் எகிறியது.

“மறுபக்கத்தையும் போடுலே,” என்றான், பைய.

போட்டேன்.