டோமுக்கு ஆள் பிடித்தேன்

குளியலறையில் என் குரல் நன்றாக இருக்கும். இதை நம்பி ஒரு தேவாலயத்தின் கூரையையே உயர்த்தியவன் நான் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வெளியூரில் பழைய தேவாலயம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பீடத்துக்கு முன்னால், குவிந்து உயர்ந்த டோமுக்குக் கீழே நின்று ஒரு ராகத்தை மெல்ல இழுத்துப் பார்த்தேன். மேலே போனது என் குரல்தான். இறங்கி வந்தது முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்ட யாரோ ஒருவருடைய குரல். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன், அடுத்து நான் கட்டும் தேவாலயத்துக்கு டோம் உண்டு, அதுவும் உயரமாக. ஒலியைப் பற்றி மட்டுமே பேசும் புத்தகங்கள் என் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. அன்றைக்கு அதில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

என் அலுவலகம் திருப்பதியில். ஊரே பெருமாளை நம்பிப் பிழைத்துக்கொண்டிருக்க, நான் அங்கே உட்கார்ந்து சர்ச் வரைகிறேன். திட்டமிட்டு வந்த வேலை இல்லை. சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு ஷெட் போட்டுத்தான் தொழிலைத் தொடங்கினேன். ஆலைக்காரர் ஒருவர் தன் கிராமத்துக்கு ஒரு சர்ச் வேண்டும் என்றார், கட்டிக் கொடுத்தேன். அதுவும் ஷெட் மாதிரியேதான் இருந்தது, ஆனால் ஒழுகவில்லை. ஒழுகாத சர்ச் கட்டுகிற ஆள் என்று பெயர் பரவி, ஒன்று இரண்டாகி, நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு ‘சர்ச் இஞ்சினியர்’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது. நான் பாதி மதம் மாறிவிட்டதாகச் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். அலுவலகத்துக்கு வரும் சர்ச் கமிட்டிக்காரர்களோ என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பெருமாள் படத்தை ஒரு முறை பார்ப்பார்கள், வரைபடத்தை ஒரு முறை பார்ப்பார்கள், எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தி, வாஸ்து பார்த்துத்தானே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

டோமுக்கு வாய்த்த ஊர் கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கமிட்டித் தலைவர் மாந்தோப்புக்காரர், பெரியவர். டோம் வைத்தால் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குச் சம்மதித்துவிட்டார். கான்கிரீட்டைத் தாங்கியிருந்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த அன்று திருப்பதியிலிருந்து டீ குடிக்கக்கூட நிற்காமல் வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். பலகையெல்லாம் இறங்கி, அந்தக் கவிழ்த்த கிண்ணம் தலைக்கு மேல் தானாக நின்றதைப் பார்த்துக்கொண்டே நடுவில் போய் நின்றேன். ஷெட் போட்டவனுக்கு இப்படியொன்று வாழ்க்கையில் ஒரு தடவை வரும். கையைத் தட்டினேன், எதிரொலித்தது. பாடினேன். கொத்தனார்கள் மரியாதையாக வெளியே போய்விட்டார்கள்.

நான் மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. அந்தச் சபையில் பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் தமிழ். பாஸ்டர் தெலுங்கில் ஒரு வாக்கியம் சொல்வார், பக்கத்தில் நின்று அவர் மனைவி அதைத் தமிழில் சொல்வார். வாக்கியத்துக்கு வாக்கியம் இப்படித்தான் பிரசங்கம் நடக்கும். பிரதிஷ்டைக்கு முன்னால் ஒத்திகை பார்க்கலாம் என்று மைக் போட்டார்கள். பாஸ்டர் “பிரியமைன சஹோதருலாரா” என்றார். அது மேலே போயிற்று. பாஸ்டரம்மா தமிழில் வாயைத் திறந்த நேரத்தில் ‘லாரா, லாரா, லாரா’ என்று இறங்கி வந்து அவர் தலையில் விழுந்தது. அதற்குள் பாஸ்டர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். சிறிது நேரத்தில் ரேணிகுண்டா ஸ்டேஷனில் மூன்று ரயிலுக்கு ஒரே சமயத்தில் அறிவிப்பு செய்வது போலாகிவிட்டது.

பாஸ்டரம்மா மைக்கைக் கீழே வைத்தார். “வீட்டுலதான் நான் பேசறப்போ இவரு நிறுத்தமாட்டாரு. இங்க இவரு நிறுத்தினாலும் நிக்க மாட்டேங்குது” என்றார்.

பெரியவர் டோமை அண்ணாந்து பார்த்தார். கல்யாண மண்டபங்களில் போடுகிறார்களே, அந்த மாதிரி ஃபால்ஸ் சீலிங் போட்டு அடைத்துவிடலாம் என்றார். டோம் வெளியே இருந்துவிட்டுப் போகட்டும், பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். என் டோமுக்குக் கீழே வெள்ளை அட்டை, அட்டைக்கு நடுவில் பூப்போட்ட லைட்.

அலமாரிப் புத்தகங்கள் அப்போதுதான் உதவிக்கு வந்தன. காலி அறையில்தான் எதிரொலி இவ்வளவு அடிக்கும், ஆள் நிறைந்தால் உடம்பும் துணியும் சத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். பெரியவர் நம்பவில்லை.

“ஜனம் எக்கோவத் துன்னுமா சார்?”

“துன்னும். பட்டுப்புடவ கட்டிக்கினு வந்தா இன்னும் நல்லாத் துன்னும்.”

பிரதிஷ்டை நாளில் பார்த்து முடிவு செய்யலாம் என்று ஒப்புக்கொண்டார். எதிரொலி போகாவிட்டால் மறுநாளே சீலிங்காரர் வந்துவிடுவார்.

பிரதிஷ்டை வந்ததே நெருக்கடியான சமயத்தில். மாங்காய் சீசன். சபையில் பாதிப் பெண்கள் கூழ் ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று பாஸ்டருக்கே தெரியவில்லை. ஒரு தேவாலயத்துக்குக் கூட்டம் வரவேண்டும் என்று என்னளவுக்கு ஏங்கிய இந்து இந்த ஜில்லாவில் இருந்திருக்கமாட்டான். எனக்கிருந்த ஒரே வழி சொந்தக்காரர்கள். நகரியிலும் புத்தூரிலும் இருந்த அத்தனை பேருக்கும் போன் போட்டேன். வேன் வரும், மத்தியானம் பிரியாணி, பெண்கள் எல்லாரும் கண்டிப்பாகப் பட்டுப்புடவை.

“இந்த வெயில்ல பட்டு எதுக்குன்னு உங்க சித்தி கேக்கறாங்க. இன்னா சொல்லட்டும்?” என்றாள் மனைவி.

“டோமுக்குன்னு சொல்லு.”

அவள் போனை எடுத்து, அவருக்கு உடம்பு சரியில்லை, சொன்னபடி கேட்டுவிடுவோம் என்று சித்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பிரதிஷ்டை அன்று காலை வேனிலிருந்து சொந்தங்கள் பளபளவென்று இறங்கினார்கள். சித்தி உள்ளே போனதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நல்ல இடமாகப் பார்த்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஊர் ஜனமும் வந்தது. இருந்தும் பின்னால் பெரிய காலியிடம். நான் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். முதல் பாட்டு முடிகிற நேரத்தில் ஆலை பஸ் ஒன்று வந்து நின்றது. ஷிஃப்ட் முடிந்த பெண்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல், புடவையெல்லாம் மாம்பழ வாசனையோடு திமுதிமுவென்று இறங்கி உள்ளே போனார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கடைசி வரிசைவரை நிறைந்துவிட்டது. நானும் உள்ளே போய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

பாஸ்டர் எழுந்தார். “பிரியமைன சஹோதருலாரா.”

அது மேலே போயிற்று. நானும் கூடவே அண்ணாந்தேன். பாஸ்டரும் பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தார். லேசாக ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். திரும்பி எதுவும் இறங்கவில்லை. பாஸ்டரம்மா “பிரியமான சகோதரரே” என்றார், அது கண்ணாடி மாதிரி கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. தெலுங்கு, தமிழ், தெலுங்கு, தமிழ் என்று ஒன்றின் மேல் ஒன்று படாமல் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது. பக்கத்தில் யாரையாவது கட்டிக்கொள்ளலாம் என்று திரும்பினேன். மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார். அங்கே என்ன பிரசங்கம் நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முழுக்க டோமையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு அட்டை இல்லை, ஒரு லைட் இல்லை.

பந்தியில் பெரியவர் தட்டோடு என்னைத் தேடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் எழுந்து நின்றேன்.

“நீங்க சொன்னதுதான் சரி சார், ஜனம் துன்னுது. சீலிங்காரன வராதன்னு சொல்லிட்டேன்” என்றார். என் பக்கத்தில் பட்டுப்புடவையோடு வியர்த்து வழிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தியைப் பார்த்தார். “ஆனா வாரா வாரம் எங்க ஜனம் இதுல பாதிதான் சார் வரும். மீதிக்கு நீங்க உங்க சொந்தக்காரங்கள கூட்டிக்கினு வந்துடுங்க.”