இரட்டைச் சுழி

பட்டறையில் எல்லோரும் அவளை ஊசிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி அவள் செய்யும் வேலைக்காக, மீதி அவள் வாய்க்காக. அச்சு அசல் மனிதர்கள் போலவே சிலிக்கான் உருவங்கள் செய்யும் இடம் அது. வடிப்பவர், வார்ப்பவர், தோலுக்கு நிறம் ஏற்றுபவர் என்று எல்லோரும் முடித்த பிறகு மொட்டைத் தலை அவள் மேஜைக்கு வரும். நுனி பிளந்த ஊசியில் ஒற்றை முடியை மாட்டி, குத்தி இறக்கி, ஊசியை மட்டும் உருவிக்கொள்வாள். ஒரு தலைக்கு மூன்று வாரம் ஆகும். பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், “கூப்பிட்டா திரும்பிடும் போலிருக்கே!” என்பார்கள்.

“வீட்ல இருக்கிறவங்க கன்னத்தைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு?” என்று குனிந்த தலை நிமிராமல் கேட்பாள். அதனாலேயே ஆட்கள் வரும் நேரத்தில் முதலாளி அவளை உள்ளறைக்கு அனுப்பிவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை அவர் ஒரு உறையைக் கொண்டுவந்து வைத்தார். “அடுத்த தலை இது. புருஷன் போய் எட்டு மாசம் ஆச்சாம். சோஃபால உட்கார்ந்த மாதிரி வேணுமாம் அந்தம்மாவுக்கு.”

உள்ளே ஏழு புகைப்படங்கள். ஏழிலும் இவள் புருஷன்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கிவருகிறேன் என்று போனவன். மகளுக்கு அப்போது மூன்று வயது. தாழ்ப்பாளை இவளே வாங்கிப் போட்டாள், மகளையும் வளர்த்தாள். வேறொருத்தியோடு இருக்கிறான் என்று காதில் விழுந்தபோதும் தேடிப் போகவில்லை. அவன் செத்ததுகூட இந்த உறையைப் பிரித்துத்தான் தெரிந்தது.

“தெரிஞ்ச முகமா?” என்றார் முதலாளி.

“எல்லா முகமும் ஒரே மாதிரிதான் இருக்கு.”

தலை வந்தது. தோலுக்கடியில் நரம்பு ஓடியது. வாயோரத்தில் அந்த அரைச் சிரிப்பு, பொய் சொல்லப் போகுமுன் வருகிற சிரிப்பு. ஊசியை எடுத்தாள். அவள் குத்துகிற வேகத்தைப் பார்த்து, நிறம் ஏற்றுபவர், “மெதுவாம்மா, வலிக்கப் போகுது” என்றார்.

“வலிக்கணும்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

புகைப்படங்கள் எல்லாமே முன்பக்கம் எடுத்தவை. உச்சந்தலையில் முடி எப்படி ஓடும் என்று எதிலும் தெரியாது. அப்படிப்பட்ட தலைக்கு ஒற்றைச் சுழி வைத்து முடித்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் இவனுக்கு இரட்டைச் சுழி. கல்யாணமான புதிதில் அதைத் தடவிக்கொண்டே, “ரெட்டைச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டியாமே, இன்னொருத்தி எங்கே ஒளிஞ்சிருக்கா?” என்று கேலி செய்தவள் இவளேதான். இரண்டு நாள் உட்கார்ந்து இரண்டையும் பிசகாமல் வைத்தாள். பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யாருக்கும் தெரியாதது தனக்குத் தெரியும் என்ற வன்மத்தில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் மகளைப் பட்டறைக்கு அழைத்துப்போய், தலையை உடம்போடு பொருத்தி வைத்திருந்த உருவத்தின் துணியை விலக்கினாள். “உங்கப்பன்.”

பெண் சுற்றிவந்து பார்த்தாள். விரலைத் தொட்டாள், நகத்தைப் பார்த்தாள், மூக்கருகே குனிந்தாள். “மூச்சு விடுற மாதிரியே இருக்கும்மா.” நிமிர்ந்தாள். “இவ்வளவுதானா? இன்னும் பெரிய ஆளா இருப்பார்னு நினைச்சேன். மூடு.”

இடது புருவம் முடிந்து வலது பாக்கியிருந்த நாளில் அந்தம்மா வந்தாள். முதலாளி தடுப்பதற்குள் உள்ளறைக்கே நுழைந்துவிட்டாள். உருவத்தைக் கண்டதும் கைப்பை நழுவியது. அதன் முட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். “என்னங்க” என்று கூப்பிட்டுக்கூடப் பார்த்தாள். ஊசிக்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சட்டைக் காலரைச் சரிசெய்ய அந்தம்மா பின்பக்கம் போனாள். அழுகை நின்றது.

“இந்த ரெட்டைச் சுழி நான் கொடுத்த போட்டோ எதுலயும் இல்லையே. யார் சொன்னது?”

“யாரும் சொல்லலை.”

“பின்ன எப்படித் தெரியும்?”

“அஞ்சு வருஷம் இந்தத் தலை என் தலையணையிலதான் கிடந்துச்சு.”

அந்தம்மாவுக்கு முகம் வெளுத்தது. “நீ... பிரசவத்துல செத்துட்டேன்னு சொன்னாரே! குழந்தையும்...”

“குழந்தை காலேஜ் போகுது. நான் இங்க முடி நட்டுக்கிட்டு இருக்கேன். செத்தது அவன் ஒருத்தன்தான்.”

“மரியாதையாப் பேசு!”

“யாருக்கு? இந்தப் பொம்மைக்கா?”

முதலாளி “மேடம், மேடம்” என்று நடுவில் புகுந்தார். அந்தம்மா ஒரே பிடியாக நின்றாள்: இவள் கை இனிமேல் அவர்மேல் படக்கூடாது. வலது புருவத்தை நிறம் ஏற்றுபவர் நட்டார். பழக்கமில்லாத கை, புருவம் மேலே ஏறிக்கொண்டது. எதையுமே நம்பாதவன் போல முறைத்துக்கொண்டு ஒரு ஆள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

பத்தே நாளில் முதலாளி அவள் முன்னால் வந்து நின்றார். “அந்தம்மாவால அந்த முகத்தைப் பார்க்க முடியலையாம். ஒரு எட்டு போய்ச் சரி பண்ணிட்டு வந்துடேன்.”

“என் கைதான் படக்கூடாதே.”

“உன்னைத்தான் அனுப்பச் சொல்றாங்க.”

பட்டறையிலிருந்து கோணல் புருவத்தோடு ஒரு தலை போயிருக்கிறது என்பது அவளுக்கும் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. போனாள். டிவிக்கு எதிரே, மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். அந்தம்மா வா என்று சொல்லவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று மணி நேரம் இவள் விரலையே காவல் காத்தாள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் இவள் தொட்டிருக்க மாட்டாள்.

ஊசிகளைப் பெட்டியில் அடுக்கும்போதுதான் அந்தம்மா வாயைத் திறந்தாள். “வேற என்னென்ன பொய் சொல்லியிருக்காரு என்கிட்ட?”

“எதிர்லதானே உட்கார்ந்திருக்கான். கேட்டுப் பாருங்க.”

வெளியே வந்ததும் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஊசிக்காரி இரண்டு படி இறங்கியிருப்பாள். உள்ளே அந்தம்மாவின் குரல் உயர்ந்தது. “சொல்லுங்க! வாயைத் திறந்து சொல்லுங்க! ஏன் அப்படிப் பார்க்கிறீங்க, சொல்லுங்க!”

படியிலேயே ஒரு நிமிஷம் நின்று கேட்டாள். அப்புறம் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.