முறுக்கக் கூடாத மூன்று ஸ்க்ரூ

"வெள்ளிக்கிழமை மருமவன் துபாய்லேருந்து போன் பண்ணுவான் தம்பி. முள்ளு மட்டும் வாங்கியாரச் சொல்லவா, மிஷினையே புதுசாச் சொல்லவா? நீ பாத்துச் சொல்லு" என்றார் ஜமால் பாய்.

தூக்கிவந்த ரெக்கார்ட் பிளேயரை என் மேஜை மேல் வைத்தார். காரைக்காலில் ஒரு மைக்செட் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம் அது. எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐ.டி.ஐ. முடித்ததால் கடையில் எனக்குப் 'படிச்ச புள்ள' என்று பெயர்.

பாய் கப்பலில் வேலை பார்த்தவர். அந்த ரெக்கார்ட் பிளேயரை ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் வாங்கியிருந்தார். அப்படியொரு மிஷினை ஊரில் நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மூன்று மாதத்துக்கு முன் பெல்ட் மாற்ற வந்தபோது, மேல்தகட்டில் மூன்று ஸ்க்ரூ ஆடிக்கொண்டிருந்தன. "ஆடுற ஸ்க்ரூவ விடாத. கல்யாண வீட்டுக்கு வண்டியில போற சாமான், வழியிலயே கழண்டுடும்" என்பது முதலாளி எனக்குச் சொன்ன முதல் விதி. மூன்றையும் இறுக்கி அனுப்பினேன்.

அதன் பிறகு, வீட்டில் யாராவது நடந்தாலே முள் குதிக்கிறது என்றார் பாய். "முள்ளுத் தலையில ஒரு நாலணாக் காசு வைங்க பாய், குதிக்காது" என்றார் முதலாளி. எல்லா மைக்செட்காரர்களும் செய்வதுதான். நாலணா பாரத்தில் முள் மழுங்கியது. பாட்டோடு சேர்ந்து கடுகு வெடிப்பது போல் சத்தம் வந்தது.

இப்போது முதலாளி, "முள்ள மாத்தி என்ன பிரயோசனம்? புதுசே எடுத்துடுங்க. இது நம்ம கடையில கெடக்கட்டும்" என்றார். அந்த மிஷின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

மருமகனுக்கு மாடல் நம்பர் சொல்வதற்காகப் பாய் அதன் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார். முழுக்கப் பிரெஞ்சு. படங்களை மட்டும் பார்த்தேன். லாரி படத்துக்குக் கீழே ஸ்க்ரூ மூன்றும் உள்ளே இறங்கியிருந்தன. பாட்டுக் குறிக்குக் கீழே மூன்றும் தளர்ந்திருந்தன. பயணத்துக்கு மட்டும் இறுக்க வேண்டியவை அவை. முதலாளி டீ குடிக்கப் போன நேரத்தில் தளர்த்தினேன். தட்டு ஸ்பிரிங் மேல் மிதந்தது. பாட்டை ஓடவிட்டு மேஜையைக் குத்தினேன், முள் அசையவில்லை.

வாயைத் திறக்காவிட்டால் பாய்க்குப் புது மிஷின் வரும், முதலாளிக்குப் பழையது கிடைக்கும், என் வேலையும் நிலைக்கும். இரண்டு நாள் அந்தப் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

வியாழக்கிழமை பாய் வந்ததும் சொன்னேன். "மிஷின்ல கோளாறு இல்லைங்க பாய். நான்தான் தெரியாம ஸ்க்ரூவ இறுக்கிட்டேன். முள்ளு மட்டும் போதுங்க."

"என்னடா உளறுற?" என்றார் முதலாளி.

புத்தகத்தை நீட்டினேன். பாய் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நங்கூரத்தப் போட்டுட்டு, ஓடலன்னு கப்பலையே மாத்தப் பாத்திருக்கோம்!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் ரெக்கார்டெல்லாம் கீறிப்போச்சே, அதுக்கு என்ன சொல்ற?"

"அதுவும் என்னாலதாங்க பாய்" என்றேன்.

முதலாளி ஒரு வாரம் என்னை ஒயர் சுற்ற மட்டும் விட்டார். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. துபாயிலிருந்து முன்னதைவிட உயர்ந்த ரக முள் வந்தபோது, "அந்தப் படிச்ச புள்ளையவே அனுப்பு" என்று பாய் ஆள் விட்டார். அவர் வீட்டுக்குப் போய் மாட்டினேன். ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தால், எதற்காகத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமல் அதன் பிறகு நான் கை வைத்ததில்லை.

பாட்டு ஓடியது. பாய் வேண்டுமென்றே கூடத்தில் திம்திம் என்று நடந்தார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் குதிக்கவில்லை.

"இப்பவாவது மூச்சு விடு தம்பி" என்றார்.