வாவியில் பதிந்த பாட்டு

தோணியின் முன்பக்கம் கிற்றார்க்காரர் இருந்தார். நடுவில் தடித்த நரம்புக் கிற்றாரோடு ஒருவர். அவருக்குப் பக்கத்தில் மேளக்காரர். பின்னால் சவள் வலித்தபடி நான். அவர்கள் மூவரும் நாட்டில் சண்டை முடிந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். தங்கள் முதல் இசைத்தட்டை வாவியில் வைத்தே பதிய வேண்டும் என்றார்கள்.

அவர்கள் வாசித்தது எனக்குப் புதினமாக இருந்தது. ஒரே பாட்டு ஒவ்வொரு தடவையும் வேறு வழியில் போனது.

“எங்க போய் முடியுமெண்டு உங்களுக்கே தெரியாதா, தம்பி?” என்று கிற்றார்க்காரரைக் கேட்டேன்.

“தெரியாது அண்ணன். ஆளையாள் கேட்டுக்கொண்டு போறம். நீங்க ஒண்டு பாடுங்களன்.”

சுனாமிக்குப் பிறகு நான் பாடவில்லை. முன்பு வலை விடும்போது, மேற்கே என்ன தெரியுது என்று நான் பாடுவேன். மச்சான் மறுமொழி பாடுவான். அவனைக் கடல் கொண்டுபோய்விட்டது.

“மறுமொழிக்கு ஆள் இல்ல” என்றேன்.

“அவர் என்ன சொல்லுவார்?”

“அண்டைக்குக் கண்டதைச் சொல்லுவான். மழை எண்டுவான், கொக்கு எண்டுவான். ஒருநாள், உன்ட பொண்டாட்டி பொல்லோட நிக்கிறா எண்டான்.”

அவர் சிரித்தார். “அதத்தான் நாங்களும் செய்யிறம், அண்ணன்.”

அது எப்படி என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. கேள்வியைப் பாடி, மச்சான் மறுமொழி பாடும் இடத்தில் நிறுத்தினேன். மேற்கே கண்டல் மரத்திலிருந்து ஒரு கொக்கு எழும்பியது. கிற்றாரும் அதோடு எழும்பி, அது தண்ணீரில் இறங்கும்வரை கூடவே போனது. நான் அடுத்த கேள்வியைப் பாடினேன்.

பிறகு இசைத்தட்டு வந்து சேர்ந்தது. உறையில் மூன்று பேரின் படம். அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டு, அதில் இருக்கிறவர்களை எண்ணினேன்.

ஐந்து பேர்.